இந்த எண்ணெய் விளக்கு எரியக் கூடாது!

வீட்டில் விளக்கு எரிந்தால் நல்லது என்பார்கள். ஆனால் எரியவே கூடாத எண்ணெய் விளக்கு ஒன்று காரில் இருக்கிறது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் மீட்டர் பலகையில், மூக்கில் சொட்டு வடியும் எண்ணெய்க் கிண்டி போல சிவப்பாக இருக்கும். சாவி போட்டதும் எரியும், இன்ஜின் ஓடியதும் அணைந்துவிடும். வண்டி ஓடும்போது எரிந்தால் ஆபத்து. எங்க மாமாவோட பழைய டீசல் வாடகைக் காரில் இது நடந்துச்சு. நான் கூட இருந்து பார்த்ததை எழுதுகிறேன்.

ஆயிலுக்கு எதற்கு அழுத்தம்?

அழுத்தம் = விசை ÷ பரப்பு, அலகு பாஸ்கல் என்று படித்திருக்கிறோம். சைக்கிள் கடையில் இதையே ‘பவுண்டு’ என்பார்கள். இன்ஜினுக்கு அடியில் சம்ப் என்ற தொட்டியில் ஆயில் இருக்கும். ஆயில் பம்ப் அதை ஒரு வலை வடிகட்டி வழியாக உறிஞ்சி, ஃபில்டருக்குள் தள்ளி, கிராங்க் சுழலும் பேரிங்குகளுக்கு அனுப்புகிறது. கிராங்குக்கும் பேரிங்குக்கும் நடுவில் உள்ள இடைவெளி தலைமுடி அளவுதான். அழுத்தத்தோடு போகிற ஆயில்தான் அங்கே மெல்லிய படலமாக நின்று, உலோகமும் உலோகமும் உரசாமல் காக்கிறது. அழுத்தம் போனால் படலம் போச்சு. உரசிச் சூடேறி இன்ஜின் ஜாம் ஆகிவிடும்.

நடந்தது என்ன?

ஒரு நாள் நாங்கள் மாமா காரில் ஊருக்குத் திரும்பினோம். மெயின் ரோட்டில் வேகமாகப் போகும்போது சிவப்பு விளக்கு எரிந்தது. “மாமா, விளக்கு எரியுது” என்றேன். மாமா நிறுத்தி, ஆயில் குச்சியை எடுத்துப் பார்த்தார். ஆயில் சரியாக இருந்தது. பத்து நிமிஷம் கழித்து எடுத்தால் விளக்கு இல்லை! “வயர் கோளாறாத்தான் இருக்கும்” என்று ஓட்டினார். கொஞ்ச தூரத்தில் மறுபடி எரிந்தது.

முதலில் போன பட்டறையில் பார்க்காமலேயே, “இன்ஜினை இறக்கணும், பேரிங் போச்சு” என்றார்கள். பெரிய தொகை சொன்னார்கள். வண்டிக் கடனே இன்னும் முடியலை. அன்று ராத்திரி அத்தை செயினை அடகு வைக்கலாமா என்று பேசிக்கிட்டாங்க. எனக்குக் கஷ்டமாக இருந்தது.

மறுநாள் வண்டியை ஓட்டாமல் கயிறு கட்டி இழுத்து, வயதான ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். நானும் போனேன். “அழுத்தத்தை அளக்காம எதையும் கழட்டாத தம்பி” என்றார் அவர் மாமாவிடம்.

அவர் பார்த்த வரிசை

1. சமதளத்தில் நிறுத்தி ஆயில் அளவு பார்த்தார். குச்சியைத் துடைத்து மறுபடி விட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருந்தது.

2. ஆயிலைத் தொட்டுப் பார்த்தார். பால் கலந்த டீ போல இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. டீசல் வாடை அடித்தால் டீசல் கலந்து நீர்த்துவிட்டது. இரண்டும் இல்லை. ஆனால் ரொம்ப நாள் மாற்றாததால் கசடு இருந்தது.

3. ஆயில் சுவிட்சைக் கழற்றி, அந்த இடத்தில் கேஜ் மாட்டினார். சுவிட்சே கெட்டிருந்தால் கேஜ் நல்ல அழுத்தம் காட்டும். “பாப்பா, முள்ளைப் பார்த்துச் சொல்லு” என்று எனக்கு வேலை கொடுத்தார்.

ஸ்டார்ட் செய்ததும் முள் 40 பவுண்டு, அதாவது சுமார் 2,75,000 பாஸ்கல். வேகத்தைக் கூட்டினார். நான் “40… 25… 12… 3!” என்று கத்தினேன். உடனே இன்ஜினை நிறுத்திவிட்டார். சுவிட்ச் பொய் சொல்லலை.

அப்போது அவர் சொன்னதுதான் முக்கியமான பாடம். “பேரிங் தேஞ்சிருந்தா, சூடானப்புறம் ஸ்லோவுல அழுத்தம் குறையும், வேகம் கூட்டினா ஏறும். இது கூட்டக் கூட்ட இறங்குது. பம்ப்பு குடிக்கிற வாய் அடைச்சிருக்கு.”

எனக்கு எங்க கிணத்து மோட்டார் ஞாபகம் வந்தது. கிணறு நிறைய தண்ணி இருந்தாலும் ஃபுட் வால்வில் பாசி அடைத்தால் தண்ணி ஏறாது. குழாயில் ஓட்டை விழுந்தாலும் கடைசி வயலுக்கு வேகம் இருக்காது. வடிகட்டி அடைப்பு முதல் வகை. பேரிங் தேய்வது இரண்டாவது வகை. வண்டியை நிறுத்தினால் கசடு வலையை விட்டுக் கீழே இறங்கும். அதனால்தான் பத்து நிமிஷம் கழித்து விளக்கு அணைந்தது.

சரி செய்தது

ஆயிலை வடித்து சம்பைக் கழற்றினார். வலை முழுக்க கறுப்புக் கசடு, நடுவில் சிவப்பு ரப்பர் துணுக்குகள்! முன்பு யாரோ சம்பை ஒட்டும்போது சிலிக்கான் பேஸ்ட்டை அள்ளிப் பூசியிருக்கிறார்கள். உள்ளே பிதுங்கியது பிய்ந்து வலையில் அடைத்துவிட்டது. ஒரு பேரிங்கையும் கழற்றிப் பார்த்தார். லேசான கீறல்தான். அடியிலுள்ள செம்பு நிறம் தெரியவில்லை, அதனால் தப்பித்தது. வலையையும் சம்பையும் டீசலில் கழுவி, புது பேக்கிங், புது ஃபில்டர், கம்பெனி புத்தகத்தில் சொன்ன ஆயில் போட்டார். கேஜில் பார்த்தோம். சூடான பிறகு ஸ்லோவில் 18, வேகத்தில் 45. முள் இறங்கவே இல்லை. செயினும் அத்தை கழுத்திலேயே இருக்கிறது.

நினைவில் வையுங்கள்

* குச்சியில் தெரிவது ஆயிலின் அளவு. விளக்கு சொல்வது அழுத்தம். இரண்டும் வேறு.
* பல கார்களில் அழுத்தம் சுமார் 4 முதல் 7 பவுண்டுக்குக் கீழே போன பிறகுதான் விளக்கு எரியும். அதாவது அது கடைசி எச்சரிக்கை. ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைக்க வேண்டும். “அடுத்த ஊர் வரை போகலாம்” என்று போகக் கூடாது.
* விளக்கின் வயரைப் பிடுங்கிவிடுவதும், கெட்டி ஆயில் ஊற்றி விளக்கை அணைப்பதும் வைத்தியம் அல்ல. நோயை மறைப்பதுதான்.
* சூடான ஆயில் கையைச் சுட்டுவிடும். பழைய ஆயிலை வயலிலோ வாய்க்காலிலோ கொட்டக் கூடாது.

உங்கள் வீட்டில் யாராவது கார், வேன், டிராக்டர் ஓட்டினால் இன்றே அவர்களிடம் இதைச் சொல்லுங்கள். முதலில் அளக்கணும், அப்புறம்தான் கழட்டணும். நான் கற்றுக்கொண்டது இதுதான்.

யோசியுங்கள்: காலையில் விளக்கு எரியவில்லை. வண்டி சூடான பிறகு ஸ்லோவில் மட்டும் மினுக்குகிறது, வேகம் கூட்டினால் அணைகிறது. எங்கே கோளாறு இருக்கலாம்? விடை மேலே கட்டுரையிலேயே இருக்கிறது!



ஒன்பதாம் வகுப்பு மாணவி