தோலில் இருந்து நரம்பு செல்!

ரத்தத்தில் கோளாறு என்றால் ஊசி போட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். மூளை நரம்பு செல்லில் கோளாறு என்றால்? உயிரோடு இருக்கிறவங்க மூளையை வெட்டிப் பார்க்க முடியுமா?

இதற்கு வழி காட்டியவர் ஜப்பான் விஞ்ஞானி ஷின்யா யாமனாக்கா. 2006-ல் எலியின் தோல் செல்லுக்குள் நான்கு ஜீன்களைச் செலுத்தினார். அது எந்த செல்லாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல் ஆனது! 2007-ல் மனிதத் தோல் செல்லிலும் செய்து காட்டினார். 2012-ல் நோபல் பரிசு பெற்றார்.

2008-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் 82 வயதுப் பாட்டி ஒருவரின் தோலில் கொஞ்சம் எடுத்தார்கள். அவருக்கு ஏ.எல்.எஸ். நோய். ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு வந்ததும் இதுதான். தசையை அசைக்கும் நரம்பு செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகும். பாட்டியின் தோல் செல்லை ஸ்டெம் செல் ஆக்கி, அதிலிருந்து அதே வகை நரம்பு செல்லைத் தட்டில் வளர்த்தார்கள். பாட்டியோட ஜீன் குறையும் அதில் அப்படியே இருந்தது!

இதனால் என்ன பயன்?

1. நோய் எப்படி ஆரம்பிக்குதுன்னு மைக்ராஸ்கோப்பில் பார்க்கலாம்.
2. புது மருந்தை மனிதருக்குக் கொடுக்கும் முன்னாடி செல்லில் சோதிக்கலாம்.

ஆனால் தட்டில் வளர்வது முழு மூளை இல்லை. ஏ.எல்.எஸ்.ஸை முழுசாகக் குணமாக்கும் மருந்தும் இன்னும் வரவில்லை.

கை கால் விழுந்தவங்களைப் பார்த்து 'செய்வினை', 'போன ஜென்மத்துப் பாவம்' என்று சொல்கிறோமே! அந்தப் பாட்டி எந்தப் பாவமும் செய்யவில்லை. ஒரு ஜீனில் குறை, அவ்வளவுதான். இனிமேல் அப்படிச் சொல்லாமல் இருப்போமா?