இடரும் இடரின் முதலும்
(பழங்கணினி ஒன்றில் லினக்ஸ் நிறுவிய வரலாறு)

பழையது என்று ஒரு பொருளை ஒதுக்குதல் எளிது. அஃது ஏன் இயங்கவில்லை என ஆராய்தல் அரிது. பழஞ்சுவடிகள் கறையானுக்கு இரையாகிக் கொண்டிருந்த நாளில், உ. வே. சாமிநாதையர் போன்ற பெரியோர் அவற்றைத் தேடித் தொகுத்து, பிரதியோடு பிரதியை ஒப்புநோக்கிப் பதிப்பித்தமையாலன்றோ பழந்தமிழ் நூல்கள் பல நம் கைக்கு எட்டின? தமிழ் பயிலும் யாம் கணினியைப் பற்றி எழுதப் புகுந்தமை நண்பர்க்கு வியப்பளிக்கலாம். ஆயினும், சென்ற கிறிஸ்து பிறப்பு விடுமுறையில் யாம் செய்த வேலையும் ஒருவகைச் சுவடி காத்தலே என்பது இதனைப் படித்து முடிப்போர்க்கு விளங்கும்.

பாரதியார் 1882ஆம் ஆண்டிற் பிறந்ததும், உமறுப் புலவர் அடக்கமாயிருப்பதுமாகிய எட்டயபுரமே எம் ஊர். எம் பாட்டனார் அவ்வூர்ப் பள்ளியில் ஆசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர். கரிசற் காட்டு உழவரும், தறி நெய்வோரும், தூத்துக்குடிக் கடற்கரையில் முன்னாளில் முத்துக் குளித்தோரின் வழியினரும் வழங்கும் சொற்களைக் கேட்டுக் கேட்டுத் தொகுத்து, 2009ஆம் ஆண்டில் வாங்கிய மேசைக் கணினி ஒன்றிற் பதிந்து வந்தார். பாவு, ஊடை, நாடா, பார், தோணி என நீளும் அத்தொகுப்பு அச்சேறுமுன்னரே அவர் தேவனுடைய இளைப்பாறுதலுள் பிரவேசித்தார். அதன் பின் கணினியும் நோயுற்றது. அதிலிருந்த விண்டோஸ் 7 என்னும் இயங்குதளத்திற்கு, அதனை ஆக்கிய நிறுவனம் 2020 ஜனவரி 14ஆம் நாளோடு பாதுகாப்பு உதவியை நிறுத்திவிட்டது. பொறியைத் திறந்து ஒரு பக்கம் தோன்றுதற்குள் அடுப்பிற் சோறு வெந்துவிடும். எம் பாட்டியார் மட்டும் நாள்தோறும், “தாத்தா எழுதினது பத்திரமா இருக்கா, ஐயா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

புதுக்கணினி வாங்கப் பொருளில்லை. ஆகவே பழம்பொறிக்கு லினக்ஸ் இட எண்ணினோம். லினக்ஸ் என்பது ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தம் 21ஆம் வயதில், 1991ஆம் ஆண்டில் தொடங்கிய கருவகம். யாவரும் விலையின்றிப் பெறவும், திறந்து பார்க்கவும், திருத்தவும் உரியது. அதனைச் சுற்றிப் பல தொகுப்புகள் எழுந்தன. நம் நாட்டுச் சி-டாக் நிறுவனம் சென்னையில் ஆக்கிய ‘பாஸ்’ என்னும் தொகுப்பு 2007ஆம் ஆண்டில் வெளிவந்தது. யாம் தேர்ந்தது 1993 முதல் தன்னார்வலரால் வளர்க்கப்பெறும் டெபியன். அதன் 13ஆம் பதிப்பு 2025 ஆகஸ்டில் வெளியாயிற்று. இப்பதிப்பு 64 பிட் செயலிக்கே நிறுவியைத் தருவது. 32 பிட் பொறியுடையோர் இதனை இட முயன்று காலம் போக்கலாகாது. எம் பொறி பழையதேனும் 64 பிட் வகையினது.

இனி, யாம் எதிர்ப்பட்ட இடர்களையும் அவற்றின் முதல்களையும் முறையே கூறுவாம்.

முதலாவது இடர், பிரதிப் பிழை. இணையத்தினின்று இறக்கிய கோப்பைப் பென் டிரைவில் எழுதித் தொடங்கியபோது நடுவழியில் நின்றுபோயிற்று. பொறியையே பழித்தோம், பிழை பொறியினுடையதன்று. இறக்குங்கால் இணைப்பு அறுந்து கோப்புக் குறைவுற்றிருந்தது. ஒவ்வொரு கோப்பிற்கும் 64 குறிகள் கொண்ட ஒரு சரிபார்ப்பெண்ணை வெளியிடுவோர் உடன் தருகின்றனர். நம்மிடமுள்ள கோப்பிற்கும் அவ்வெண்ணைக் கணித்து இரண்டையும் ஒப்பிடல் வேண்டும். ஓரெழுத்து வேறுபடினும் அப்பிரதி ஆகாது. மூலத்தோடு ஒப்பிடாத படியை நம்பலாகாது என்பது பதிப்பாசிரியர் அறிந்த விதியன்றோ?

இரண்டாவது இடர், மறதி. பொறி எச்சாதனத்திலிருந்து தொடங்க வேண்டும் என்னும் வரிசை ‘பயாஸ்’ என்னும் அடிப்படை அமைப்பில் உள்ளது. அங்கே பென் டிரைவை முதலில் வைத்துச் சேமித்தோம். மின்னிணைப்பைப் பிடுங்கி மீண்டும் செருகியபோது பழைய வரிசையே நின்றது. மும்முறை மாற்றியும் பயனில்லை. நான்காம் முறை திரையின் மூலையில் நாளைப் பார்த்தோம். அஃது 2009ஆம் ஆண்டைக் காட்டிற்று! நாளும் வரிசையும் ஒருங்கே மறக்கப்படின் இரண்டிற்கும் காரணம் ஒன்றாதல் வேண்டும் என உய்த்துணர்ந்தோம். தாய்ப்பலகையில் உள்ள, நாணயம் போன்ற சிறு மின்கலம் உயிரிழந்திருந்தது. சி.ஆர். 2032 என்னும் 3 வோல்ட் கலத்தைக் கடைவீதியில் வாங்கி இட்டவுடன் மறதி தீர்ந்தது. பழைய தளத்திற் பல வலைப்பக்கங்கள் திறவாதிருந்தமைக்கும் இத்தவறான நாள் ஒரு காரணமாம். பாதுகாப்புச் சான்றிதழ்களின் காலத்தைப் பொறி தன் கடிகாரம் கொண்டே அளக்கின்றது.

மூன்றாவது இடர், இருண்ட திரை. பட்டியல் தோன்றியது, ஒன்றைத் தேர்ந்தோம், உடனே திரை இருண்டது. ஆயினும் வன்வட்டின் விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. பொறி இறக்கவில்லை, நமக்குக் காட்டவில்லை என்பதே இதன் பொருள். லினக்ஸ் கருவகம் தொடக்கத்திலேயே திரையின் முறைமையைத் தானே அமைக்க முயல்கிறது. சில பழைய காட்சி அட்டைகள் அதற்கு இசைவதில்லை. பட்டியலில் நின்று டேப் விசையையோ ஆங்கில ‘ஈ’ விசையையோ அழுத்தி, கட்டளை வரியின் இறுதியில் ‘நோமோட்செட்’ என்னும் ஒரு சொல்லை ஆங்கில எழுத்திற் சேர்த்தால், அம்முயற்சி தவிர்க்கப்படும். திரை ஒளிர்ந்தது. நிறுவிய பின்னர் ‘கிரப்’ என்னும் தொடக்கியின் அமைப்புக் கோப்பிலும் அச்சொல்லை எழுதி நிலைப்படுத்தினோம். இதனால் அசையும் படங்கள் சற்றே தடுமாறும்; எழுத்து வேலைக்கு யாதும் குறைவில்லை.

நான்காவது, இடரன்று, யாமே வருவித்துக்கொள்ளவிருந்த பேரிழப்பு. வன்வட்டைத் தொடாமல் பென் டிரைவிலிருந்தே இயங்கும் முறை லினக்ஸில் உண்டு. அம்முறையில் நுழைந்து, பாட்டனாரின் கோப்புறையை வேறொரு பென் டிரைவிற் படியெடுத்தோம். பின் நிறுவியைத் தொடங்கி, ‘முழு வட்டையும் பயன்படுத்து’ என்பதைத் தேர்ந்தோம். இறுதியில் ‘மாற்றங்களை வட்டில் எழுதலாமா?’ என்று நிறுவி வினவிற்று. அவ்வினாவிற்கு மேலிருந்த பட்டியலைப் படித்தபோது நெஞ்சு திடுக்கிட்டது. வட்டில் இரண்டு பகிர்வுகள் இருந்தன. யாம் திறந்து படியெடுத்தது ஒன்றையே. ‘இல்லை’ என்று விடுத்து மீண்டு போய்ப் பார்க்க, இரண்டாம் பகிர்விலேதான் தொகுப்பின் பெரும்பகுதி கிடந்தது. அன்று ‘ஆம்’ என்று ஒரு விசையை அழுத்தியிருப்பின், ஒரு முதியவரின் பல்லாண்டு உழைப்பு ஒரு நொடியில் அழிந்திருக்கும். ஆகலின், நிறுவ முற்படுவோர் பகிர்வு அனைத்தையும் எண்ணுக. இரண்டு இடங்களிற் படியெடுக்க. எடுத்த படியைத் திறந்தும் பார்க்க.

ஐந்தாவது இடர், சுமை. எம் பொறியின் நினைவகம் 2 ஜி.பி. மட்டுமே. அழகு மிக்க மேசைச் சூழல்கள் அதற்குப் பாரமாயின. ‘எக்ஸ்எஃப்சிஇ’ என்னும் எளிய சூழலை இட்டபின் பொறி இசைவாய் நடந்தது. ஈண்டுத் தமிழ் மாணவர்க்கு ஒரு குறிப்பு: டெபியன் நிறுவியைத் தமிழிலேயே நடத்தலாம், ஆனால் வரைகலை முறையைத் தேர்தல் வேண்டும். வெற்றெழுத்து முறையில் நம் எழுத்துக்களைக் காட்ட இயலாமையின் அங்கே தமிழ் இடம்பெறுவதில்லை.

ஆறாவது இடரே எம்மை மிகக் கலக்கியது. எல்லாம் முடிந்து பாட்டனாரின் கோப்பைத் திறந்தால், தமிழுக்கு மாறாகத் தலையிற் புள்ளியும் கோடும் இட்ட ஐரோப்பிய எழுத்துக்களே நிரம்பியிருந்தன. கோப்புச் சிதைந்தது என்று வீட்டார் எண்ணினர். உண்மை அதுவன்று. ஒருங்குறி பரவுமுன் தமிழுக்குப் பல குறியீட்டு முறைகள் வழங்கின. தமிழ்நாட்டரசு 1999ஆம் ஆண்டில் ‘டேப்’, ‘டேம்’ என இரண்டைத் தரப்படுத்தியது. 2010ஆம் ஆண்டிலேயே ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. பழைய முறையில் ஒவ்வோர் எண்ணும் எழுத்துருவின் ஒரு வடிவத்தைக் குறிக்கும். அவ்வெழுத்துரு இல்லாவிடத்து அதே எண்கள் வேறெழுத்தாய்த் தோன்றும். எண்கள் அழியவில்லை, அவற்றைப் படிக்கும் திறவுகோலே மறைந்திருந்தது.

குறிக்குக் குறி மாற்றும் ஒரு சிறு நிரலை யாமே எழுதினோம். முதலிற் சொற்கள் குலைந்தன. காரணம் நோக்கற்பாலது. பழைய முறையில் ‘கெ’ என்பது கண்ணுக்குத் தோன்றும் வரிசைப்படி, முன்னே கொம்பு, பின்னே ககரம் எனப் பதியப்பெறும். ஒருங்குறியிலோ முன்னே ககரம், பின்னே உயிர்க்குறி. உயிர்மெய்யில் மெய் முன்னும் உயிர் பின்னுமாக ஒலிக்கும் என்று தொல்காப்பியர் நூன்மரபிற் கூறிய முறையும் இதுவே. வகுப்பிற் படித்த அவ்விதியை நினைந்து வரிசையை மாற்றியவுடன், திரை நிறையத் தமிழ் எழுந்து நின்றது. பாட்டியாரை அழைத்து, ‘தோணி’ என்னும் சொல்லையும் அதற்குப் பாட்டனார் எழுதியிருந்த பொருளையும் உரக்கப் படித்தோம். அவர் ஒன்றும் பேசவில்லை. திரையைக் கையால் தடவிப் பார்த்தார்.

இவ்வாறும் இடர்களையும் ஒருங்கு நோக்கின் ஓர் உண்மை புலனாகும். திருவள்ளுவர் மருந்து என்னும் 95ஆம் அதிகாரத்தில், நோயை ஆராய்ந்து, அதன் காரணத்தை ஆராய்ந்து, தணிக்கும் வழியையும் ஆராய்ந்தே செய்க என முறை வகுத்தார். அம்முறை பொறிக்கும் பொருந்தும். திரையில் தோன்றும் செய்தியை முழுதும் படிக்க. ஒருகால் ஒன்றையே மாற்றுக. மாற்றியதைக் குறிப்பேட்டில் எழுதுக. மீட்க இயலாததை முன்னரே காக்க. எம் குறிப்பேட்டில் நிறைந்தவை 11 பக்கங்கள். அவற்றுட் பாதி எம் தவறுகளே. அவற்றை எழுதி வைத்திராவிடின் அதே தவறுகளை மீளவும் செய்திருப்போம்.

மாணவத் தோழர்களே! உங்கள் இல்லத்தின் பரண்மீதும் ஒரு பழங்கணினி கிடத்தல் கூடும். அதனைப் பழம்பொருள் வாங்குவோர்க்கு எடைபோட்டு விற்குமுன், அதனுள் யாருடைய கையெழுத்து உறங்குகின்றது என்று ஒருமுறை திறந்து பார்மின்.