விமானச் சத்தமும் வீட்டுத் தூக்கமும்



ஓசூரில் விமான நிலையம் அமைக்கப்படும் என்று 2024 ஜூனில் சட்டசபையில் அறிவித்தார்கள். புதிய விமான நிலையம் என்றால், 2006-ம் வருடச் சுற்றுச்சூழல் அறிவிக்கைப்படி பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் உண்டு. 30 நாள் முன்பே பத்திரிகையில் விளம்பரம் வரும். திட்ட அறிக்கையின் தமிழ்ச் சுருக்கத்தைக் கலெக்டர் ஆபீசில் பார்க்கலாம்.

கூட்டத்துக்குப் போகிற ஆண்கள் பெரும்பாலும் நில விலையைத்தான் பேசுவாங்க. ராத்திரி திடுக்கிட்டு அழுகிற குழந்தையைத் தோளில் போட்டு நடப்பது யார்? மனைவியையும் கூட்டிப் போங்க. இரவு விமானச் சத்தம் சராசரி 40 டெசிபலுக்குள் இருக்கணும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2018 பரிந்துரை. மிஞ்சினால் தூக்கம் கெடும். பகல் சத்தமும் அதிகமானால் பிள்ளைகளின் வாசிப்புத் திறன் பின்தங்கும்.

"ராத்திரி எத்தனை விமானம்? எங்க ஊருக்கு மேலேயா?" என்று கேளுங்க. வர முடியாத கர்ப்பிணிகள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதியும் அனுப்பலாம்.