பேரங்காடியின் பணப்பெட்டியும் நமது கைச்செலவும்

பேரங்காடியில் சாமான்களைத் தள்ளுவண்டியில் நிரப்பிக்கொண்டு காசாளரிடம் வரும் ஒருவர், தமது பற்று அட்டையை நீட்டி, "இதனோடு நூறு வெள்ளி ரொக்கமும் வேண்டும்" என்று கேட்டுப் பெற்றுச் செல்வதைச் சிலர் கண்டிருக்கலாம். கடைக்குப் பணம் கொடுப்பவர் வாடிக்கையாளர். அவ்வாறிருக்க, கடை வாடிக்கையாளருக்குப் பணம் கொடுப்பது எங்ஙனம் என்று வியந்தும் இருக்கலாம். நம் நாட்டில் பேநெட் நிறுவனத்தின் மைடெபிட் அட்டை முறையில் இவ்வசதி உண்டு. ஆயினும் எல்லாக் கடைகளிலும் இல்லை. அயல்நாடுகளிலோ இதனைக் கைவிடும் பேரங்காடிகளும், இதற்குக் கட்டணம் கேட்கும் பேரங்காடிகளும் தோன்றியுள்ளன. மாதம் ஒரு முறை பிரிக்பீல்ட்சுக்கோ கிள்ளானுக்கோ சென்று சாமான் வாங்கித் திரும்பும் தோட்டக் குடும்பங்கள் இதன் உள்விவரத்தைத் தெரிந்துகொள்வது நலம்.

முதலில் இது எவ்வாறு நடைபெறுகிறது என்பதைப் பார்ப்போம். ஒருவர் 38 வெள்ளி 40 காசுக்குப் பொருள் வாங்குகிறார்; 100 வெள்ளி ரொக்கம் கேட்கிறார். அட்டையைக் கருவியில் செருகி இரகசிய எண்ணை அழுத்தியதும், அவருடைய வங்கிக் கணக்கிலிருந்து 138 வெள்ளி 40 காசு கழிக்கப்படுகிறது. காசாளர் தம் பெட்டியிலிருந்து 100 வெள்ளியை எடுத்துக் கொடுக்கிறார். அத்தொகையை வங்கி பின்னர்க் கடையின் கணக்கில் சேர்த்துவிடும். ஆகவே கடை நமக்குக் கடனும் தரவில்லை, கழிவும் தரவில்லை. நம் கணக்கிலிருக்கும் நம் பணத்தையே நோட்டாக மாற்றித் தருகிறது. (இவ்விடத்தில் ஒரு சிறு செய்தி. 2008 ஏப்ரல் முதல் நாளிலிருந்து, ரொக்கமாகச் செலுத்தும்பொழுது மட்டுமே மொத்தத் தொகை ஐந்து காசுக்குச் சரிசெய்யப்படுகிறது. அட்டையில் செலுத்துவோரிடம் 38 வெள்ளி 42 காசு என்றால் அதே தொகைதான் கழிக்கப்படும். அதனைக் கண்டு காசாளரிடம் சினங்கொள்ள வேண்டியதில்லை.)

இதனால் கடைக்கு என்ன இலாபம்? மாலையில் பெட்டியிலுள்ள நோட்டுகளை எண்ண வேண்டும். பூட்டி வைக்க வேண்டும். காவலுடன் வங்கிக்கு அனுப்ப வேண்டும். இவை அனைத்தும் செலவு. நோட்டுகளை வாடிக்கையாளரிடமே கொடுத்தனுப்பிவிட்டால் அச்செலவு குறைகிறது. திருட்டு அச்சமும் குறைகிறது. இக்காரணத்தினால்தான் கடைகள் இவ்வசதியை விரும்பி ஏற்றன.

இங்குதான் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி இருக்கிறது. காசாளர் நம்மிடம் கொடுத்த நோட்டு, நமக்கு முன்னால் வந்த மற்றொருவர் ரொக்கமாகச் செலுத்திய நோட்டு. பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் ரொக்கமாகச் செலுத்திய காலத்தில் பெட்டி நிறைந்திருந்தது. கைபேசியைக் கியூ.ஆர். கட்டத்தின்மேல் காட்டியும் அட்டையைத் தொட்டும் செலுத்துவோர் பெருகப் பெருக, பெட்டியில் சேரும் நோட்டுக் குறைகிறது. அதன்பின் ரொக்கம் கேட்போருக்குக் கொடுப்பதற்கென்றே கடை வங்கியிலிருந்து நோட்டு வாங்கி வைக்க வேண்டியதாகிறது. இலாபமாக இருந்தது செலவாக மாறுகிறது. செலவு என்று ஆனபின் எந்த வணிகரும் அதனை நெடுநாள் தாங்கமாட்டார். ஒன்று நிறுத்துவார், அல்லது கட்டணம் கேட்பார். ஆக, ரொக்கம் தேவைப்படாத பலரின் பழக்கம், ரொக்கம் தேவைப்படும் சிலரின் வழியை அடைத்துவிடுகிறது. யாரும் தீங்கு நினைத்துச் செய்வதன்று. ஆயினும் விளைவு அதுவே.

அமெரிக்காவில் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அலுவலகம் 2024 ஆகஸ்டில் இது குறித்து ஓர் அறிக்கை வெளியிட்டது. ஆராயப்பட்ட எட்டுப் பெரிய வணிக நிறுவனங்களுள் மூன்று, முகப்பில் ரொக்கம் பெறுவோரிடம் கட்டணம் வாங்கின. அவ்வாறு மக்கள் செலுத்திய தொகை ஆண்டுக்கு 9 கோடி டாலருக்கு மேல். அக்கடைகளுள் சில, வங்கிக் கிளைகள் அரிதாக உள்ள சிற்றூர்களில் நடைபெறுபவை என்பதையும் அவ்வறிக்கை சுட்டியது. வேறு வழியில்லாதவனிடம்தான் கட்டணம் எளிதில் செல்லுபடியாகும் போலும்!

பிரிட்டன் வேறு வழியில் சென்றது. பொருள் ஏதும் வாங்காமலேயே கடைகளில் ரொக்கம் பெறுவதற்கு 2021-ஆம் ஆண்டின் சட்டம் இடமளித்தது. 2023-இல் மற்றொரு சட்டத்தின் மூலம், ரொக்கம் பெறும் வசதியைப் பாதுகாக்கும் அதிகாரம் நிதித்துறைக் கண்காணிப்பு அமைப்புக்கு வழங்கப்பட்டது. நகரத்தில் ஒரு மைலுக்குள்ளும் நாட்டுப்புறத்தில் மூன்று மைலுக்குள்ளும் மக்களுக்கு ரொக்கம் கிடைக்க வேண்டும் என்பது அந்நாட்டு அரசின் கொள்கை. மூன்று மைல் என்பது ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர். உங்கள் லயத்திலிருந்து மிக அருகிலுள்ள பணப்பொறி எத்தனை கிலோமீட்டரில் உள்ளது என்பதை எண்ணிப் பாருங்கள்.

இந்தியாவிலும் 2009 முதல் கடைகளில் பற்று அட்டையைக் காட்டி ரொக்கம் பெறச் சேம வங்கி அனுமதித்திருந்தது. 2016 நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாதென அறிவிக்கப்பட்டபொழுது அது பெரிதும் பேசப்பட்டது. பெட்ரோல் நிலையங்களிலும் பிக் பஜார் கடைகளிலும் 2000 ரூபாய் வரை கொடுத்தனர். அந்நாட்களில் அசாம் தேயிலைத் தோட்டங்களில் கூலி கொடுக்க நோட்டின்றி, மாவட்ட ஆட்சியாளர் வழியாகக் கூலி வழங்க ஏற்பாடு செய்ய வேண்டியதாயிற்று. நகரத்தவர் வரிசையில் நின்றனர். தோட்டத்திலோ நிற்பதற்கு வரிசைகூட இல்லை.

நம் நாட்டில் நிலை அவ்வளவு கடுமையானதன்று. எனினும் ரொக்கத்தின் தேவை நம்மைவிட்டு நீங்கிவிடவுமில்லை. கோயில் அருச்சனைக்கும் உண்டியலுக்கும் சில்லறை வேண்டும். திருமண வீட்டு மொய், தீபாவளியன்று பிள்ளைகளுக்குக் கொடுக்கும் உறை, இரவுச் சந்தைக் காய்கறி, பள்ளிக்குச் செல்லும் பிள்ளையின் சிற்றுண்டிக் காசு இவையெல்லாம் பெரும்பாலும் நோட்டாகவே கைமாறுகின்றன. கிள்ளான் தெங்கு கிளானா சாலைக் கடைகளில் கியூ.ஆர். கட்டம் ஒட்டியிருப்பது உண்மைதான். ஆனால் கைபேசியில் எழுத்துத் தெரியாத நம் பாட்டிமாருக்கு அதனால் என்ன பயன்? மறுபுறம், ரேபிட் கேஎல் பேருந்தில் ஏறினால் ஓட்டுநரிடம் காசு நீட்டிப் பயனில்லை. டச் என் கோ அட்டை வேண்டும். ஆகவே இரண்டையும் வைத்திருக்க வேண்டிய காலம் இது.

முன்னாளில் சம்பள நாளன்று கிராணியார் பட்டணத்து வங்கியிலிருந்து பணம் கொண்டுவந்து அலுவலகத் திண்ணையில் பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார். துணி வியாபாரியும் பலகாரக்காரரும் வாசலிலேயே காத்திருப்பர். இன்று 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின்படி சம்பளம் வங்கிக் கணக்கில் செலுத்தப்படுகிறது. கணக்கில் பாதுகாப்பாக இருக்கிறது. ஆனால் அதனைக் கையில் எடுக்கும் வேலையும் செலவும் தொழிலாளியின் பொறுப்பாகிவிட்டன.

அதே சட்டத்தில் 28-ஆம் பிரிவு என்று ஒன்றுண்டு. மதுக்கடையிலோ, கேளிக்கை இடத்திலோ, சில்லறை விற்பனைக் கடையிலோ முதலாளி சம்பளம் கொடுத்தல் ஆகாது என்கிறது அது. அக்கடைகளிலேயே வேலை செய்வோருக்கு மட்டும் விலக்கு உண்டு. சம்பளத்தை இன்ன கடையில்தான் செலவிட வேண்டும் என்று நிபந்தனை விதிப்பதையும் 26-ஆம் பிரிவு தடுக்கிறது. பழைய தோட்ட வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு இதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. இன்றோ, 2012-ஆம் ஆண்டு முதல் பேங்க் நெகாரா அனுமதித்துள்ள வங்கி முகவர் முறையில், பேங்க் சிம்பானான் நேஷனல் போன்ற வங்கிகளின் முகவராகச் சில மளிகைக் கடைகள் பணம் எடுத்துக் கொடுக்கின்றன. இது சட்டத்துக்கு மாறானதன்று. கொடுப்பவர் முதலாளி அல்லர். தொலைவில் இருப்போருக்குப் பேருதவியும் ஆகும். ஆயினும் சம்பளம் கைக்கு வரும் இடத்திலேயே பற்றுப் புத்தகமும் இருக்கிறது என்பதை மறத்தல் கூடாது. முதலில் முழுத்தொகையையும் பெற்று, எண்ணி, இரசீது வாங்குங்கள். கடைப் பற்றைத் தீர்ப்பது அதன் பிறகு நடக்கட்டும். அட்டையையும் இரகசிய எண்ணையும் கடைக்காரரிடமோ, கடன் கொடுத்தவரிடமோ, வேறு யாரிடமோ ஒப்படைக்க வேண்டாம்.

இனி ஒரு சிறு கணக்கு. வேறு வங்கியின் பணப்பொறியில் எடுத்தால் ஒவ்வொரு முறையும் ஒரு வெள்ளி கட்டணம். நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில், 2020 ஏப்ரல் முதல், இது தள்ளுபடி செய்யப்பட்டிருந்தது. 2022 பிப்ரவரி முதல் நாளிலிருந்து மீண்டும் நடப்புக்கு வந்தது. ஒரு வெள்ளிதானே என்று நினைக்கலாம். மாதத்தில் ஆறு முறை ஐம்பது ஐம்பதாக எடுப்பவர் 300 வெள்ளிக்கு 6 வெள்ளி கொடுக்கிறார், ஆண்டுக்கு 72. ஒரே முறையில் 300 எடுப்பவர் ஆண்டுக்கு 12 வெள்ளி மட்டுமே கொடுக்கிறார். இடையிலுள்ள 60 வெள்ளி, பள்ளிப் பிள்ளைக்கு ஒரு சோடிக் காலணி. தமது வங்கியின் பொறியிலேயே எடுப்பவருக்கு இக்கட்டணமும் இல்லை. ஆகவே புதிதாகக் கணக்குத் திறப்போர், வட்டி எவ்வளவு என்று விசாரிப்பதற்கு முன் அவ்வங்கியின் பொறி எங்குள்ளது என்று விசாரிப்பது மேல்.

அரசாங்க உதவியிலும் ஒரு வேறுபாடு அறியத்தக்கது. எஸ்.டி.ஆர். எனப்படும் ரஹ்மா ரொக்க உதவி வங்கிக் கணக்கில் சேர்வதால் அதனை ரொக்கமாக எடுக்கலாம். சாரா உதவி அவ்வாறன்று. 2025 ஆகஸ்ட் 31 முதல் அவ்வாண்டு இறுதி வரை, 18 வயது நிறைந்த மலேசியர் அனைவருக்கும் மைகார்டு வழியே வழங்கப்பட்ட 100 வெள்ளியைக் கொண்டு, பங்குபெற்ற கடைகளில் அடிப்படைப் பொருள்களை மட்டுமே வாங்க முடிந்தது. அதனை ரொக்கமாக மாற்றித் தருவதாகச் சொல்லி ஒரு பகுதியைக் கழித்துக்கொள்ளும் எவரிடமும் அடையாள அட்டையைக் கொடுத்தல் ஆகாது.

கடைசியாக, 2021 டிசம்பர் 18-ஆம் நாள் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் புகுந்ததை நம்முள் பலர் நேரில் அறிவர். மின்சாரம் இல்லை, கைபேசிக்கு மின்னேற்ற வழியில்லை. கணக்கில் ஆயிரம் வெள்ளி இருந்தும் ஒரு புட்டி தண்ணீர் வாங்க இயலாத நிலை அத்தகைய வேளையில் எவருக்கும் நேரும். கிள்ளான் ஆற்றுப் படுகையிலும் தாழ்நிலத் தோட்டங்களிலும் குடியிருப்போர், நூறு அல்லது இருநூறு வெள்ளியை ஒரு வெள்ளி, ஐந்து வெள்ளி, பத்து வெள்ளி நோட்டுகளாக, நீர் புகாத பையில் பிறப்புப் பத்திரத்தோடும் வங்கிப் புத்தகத்தோடும் வைத்திருத்தல் வேண்டும். நனைந்தோ கிழிந்தோ போன நோட்டுகளை எறிந்துவிடாமல் வங்கியில் கொடுங்கள். எஞ்சியுள்ள பகுதியின் அளவைப் பொறுத்து மாற்றித் தருவார்கள்.