துன்ப காலத்தில் திருஏடு



2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. பொழுது விடிந்து பார்த்தபோது தஞ்சை மாவட்டத்தின் பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கத்துத் தோப்புகளில் தென்னைகள் வேரோடு சாய்ந்தும் நடுவில் முறிந்தும் கிடந்தன. ஒன்றல்ல, நூறல்ல, லட்சக்கணக்கில். தாத்தா வைத்த மரம், அப்பா தண்ணீர் இறைத்து வளர்த்த மரம், மகள் கல்யாணத்துக்கு நம்பியிருந்த மரம், எல்லாம் ஒரே ராத்திரியில் போயிற்று. நெல் போனால் அடுத்த போகம் என்று மனதைத் தேற்றலாம். தென்னைக்கு அப்படி இல்லை. நெட்டை ரகக் கன்று வைத்தால் பாளை விட ஆறேழு வருஷம் ஆகும். மனம் ஒடிந்து உயிரையே விட்டவர்களும் அந்த நாட்களில் உண்டு.

அதையொட்டித்தான் கார்த்திகை பிறந்தது. கார்த்திகை என்றால் சாமிதோப்புத் தலைமைப்பதியில் திருஏடு வாசிப்பு என்று அன்புக்கொடி மக்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பதினேழு நாள் வாசிப்பு. பதினைந்தாம் நாள் திருக்கல்யாணம், பதினேழாம் நாள் பட்டாபிஷேகம். அந்த இரண்டு நாளும் பதியில் நிற்க இடம் இருக்காது. தோப்பை இழந்து நிற்கிறவனுக்கோ கல்யாணமும் பட்டாபிஷேகமும் வெகு தூரத்தில் தெரியும். அவனுக்கு வேண்டியது ஏட்டின் நடுப்பகுதி. அய்யா பட்ட பாடு அங்கேதான் இருக்கிறது.

அகிலத்திரட்டு அம்மானை சொல்லும் வரலாற்றைத் துன்பப்படுகிறவனின் கண்ணோடு ஒரு தடவை பார்க்கலாம். அது நோயில் தொடங்குகிறது. நோயுற்ற மகனைத் தாய் வெயிலாள் திருச்செந்தூருக்குக் கூட்டிப் போகிறாள். மகன் கடலுக்குள் போகிறார், திரும்பவில்லை. கரையில் அந்தத் தாய் காத்துக் கிடந்த பொழுதுக்கு ஏட்டில் பெரிய விளக்கம் தேவையில்லை. பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த வீடுகள் நாகப்பட்டினக் கரையில் எத்தனையோ உண்டு, 2004 சுனாமிக்குப் பிறகு அதை யாரும் சொல்லித் தெரிய வேண்டாம். மூன்றாம் நாள் கொல்லம் ஆண்டு 1008 மாசி 20-ல், அதாவது 1833-ல், அய்யா வைகுண்டராக வெளிப்பட்டார். வந்ததும் சிங்காசனம் ஏறினாரா? இல்லை. பூவண்டன்தோப்புக்கு வந்து தவத்தில் அமர்ந்தார்.

அந்தத் தவம் ஆறு ஆண்டு. முதல் இரண்டு ஆண்டுகள் ஆறடி ஆழக் குழிக்குள். அடுத்த இரண்டு ஆண்டுகள் தரையில். கடைசி இரண்டு ஆண்டுகள் உயர்ந்த பீடத்தில். டெல்டாவில் தென்னங்கன்று வைத்த எவருக்கும் இந்தக் கணக்கு சட்டென்று பிடிபடும். கன்றை மேட்டில் நடுவதில்லை. மூன்றடிக் குழி தோண்டி அதற்குள் இறக்கி, வளர வளர மண் தள்ளி, தரைமட்டத்துக்குக் கொண்டு வருகிறார்கள். குழிக்குள் இருக்கிற கன்றைப் பார்த்து அது புதைந்துபோனதாக எந்த விவசாயியும் சொல்ல மாட்டான். புயலுக்குப் பிறகு 2019-ல் வைத்த கன்று பாளை விட 2025 ஆகும். அய்யா தவம் இருந்த அளவு காலம்தான்.

தவம் முடிகிற காலத்தில் சிறை வந்தது. அப்போது திருவிதாங்கூரை ஆண்டவர் சுவாதித் திருநாள் மகாராஜா. பனையை நம்பிப் பிழைத்த மக்கள்மீது தலைவரி உட்பட வரிமேல் வரி. பெண்கள் மாராப்புப் போடவும் தடை. இவற்றைக் கேட்டவரைப் பிடித்துக்கொண்டு போக ஆட்கள் வந்தபோது கூடியிருந்த மக்கள் கொதித்தார்கள். அய்யா அவர்களை அடக்கி, பொறுமையாய் இருக்கச் சொல்லிவிட்டு, தானே நடந்து போனார். திருவனந்தபுரத்துச் சிங்காரத்தோப்பில் நூறு நாளுக்கும் மேலாகச் சிறை. பசித்த புலியின் கூண்டுக்குள் விட்டதையும், புலி அடங்கிப் படுத்ததையும் ஏடு விரிவாகப் பாடும். 1839-ல்தான் விடுதலை.

இந்த இடத்தில் ஒரு தப்பான எண்ணத்தைக் களைய வேண்டும். கஷ்டம் வந்த வீட்டைப் பார்த்து, ‘என்ன பாவம் செய்தார்களோ’ என்று பேசுவது ஊர் வழக்கம். ஒரு குற்றமும் செய்யாத அய்யாவே குழியிலும் சிறையிலும் இருந்தார். ஏட்டை வாசித்த வாயால் அந்தப் பேச்சைப் பேசக் கூடாது. அதே போலப் பொறுமை என்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்று கொள்வதும் தவறு. அய்யா வரிக் கொடுமையைக் கேட்காமல் விடவில்லை. எல்லாச் சாதியும் ஒன்றாய்க் குளிக்கவும் குடிக்கவும் முந்திரிக் கிணறு வெட்டினார். ஆகவே காலையில் ஏடு வாசித்தவர் பத்து மணிக்குக் கிராம நிர்வாக அலுவலரிடம் நிவாரண மனுவோடு நிற்பதில் ஒரு குறையும் இல்லை. பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசித் தேதி அய்யாவுக்காகக் காத்திருக்காது.

சரி, தினமும் வாசிப்பதால் என்ன நடக்கும்? விழுந்த மரம் எழும்பாது. கடன்காரர் வராமல் இருக்க மாட்டார். ஆனால் நாளுக்கு ஒரு பிடிமானம் கிடைக்கும். துன்பத்தில் இருப்பவனுக்கு முதலில் குலைவது நாள்தான். தூங்குகிற நேரம் தப்பும், குளிக்கிற நேரம் தப்பும், சாப்பாடு தப்பும். அய்யா வாகைப்பதிக் கடற்கரைக்கு எழுநூறு குடும்பங்களைத் துவையல் தவசுக்கு அனுப்பியபோது கொடுத்த ஒழுங்கைக் கவனித்தால் இது விளங்கும். நாள்தோறும் மூன்று வேளைக் குளியல், துணி துவைத்தல், அரிசியும் பயறும் சேர்த்து ஒரு வேளை உணவு, அய்யாவை நினைத்தல். ஒடுக்கப்பட்டுக் கூனிக் கிடந்த ஜனங்கள் இப்படித்தான் நிமிர்ந்தார்கள்.

அகிலத்தில் 15,000-க்கும் மேற்பட்ட வரிகள். கார்த்திகையில் அரிகோபாலன் சீடர் எழுதத் தொடங்கிய ஏடு இது. தடித்த புத்தகத்தைப் பார்த்து மலைக்க வேண்டாம். நாளைக்கு நாற்பது வரி போதும், ஓராண்டும் சில நாட்களும் ஆனால் ஏடு முழுவதும் வாசித்தாகிவிடும். விடியற்காலையிலோ விளக்கு வைக்கிற நேரத்திலோ, குளித்து, திருநாமம் இட்டு, ஆண்கள் தலைப்பாகை கட்டி, பாயில் உட்கார்ந்து வாய்விட்டு வாசிக்க வேண்டும். மனதுக்குள் படித்தால் கவலை குறுக்கே வந்து கண் மட்டும் வரியில் ஓடும். குரல் எடுத்து வாசிக்கும்போது கவலை கொஞ்சம் தள்ளி நிற்கும். விருத்தமும் நடையும் மாறி மாறி வருவதால் ராகம் தெரியாதவர்களுக்கும் இரண்டு வாரத்தில் வாய்க்குப் பழகும். புரியாத வரி வந்தால் நிற்காமல் போகலாம், அடுத்த சுற்றில் அது தானே திறக்கும். அழுகை வந்தால் அழுதுவிட்டு மீதி வரியை முடிக்கலாம். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் எண்பது வரி என்று தண்டனை போட்டுக்கொள்ளத் தேவையில்லை, விட்ட இடத்திலிருந்து நாற்பது.

தினசரி உகப்படிப்பு சொல்கிற பழக்கம் வீட்டில் இருந்தால் அதற்குப் பின் ஏட்டைத் திறப்பது எளிது. இல்லாவிட்டால் அய்யாவின் பெயரைச் சொல்லித் தொடங்கினாலே போதும்.

எழுத்துத் தெரியாத ஆச்சிகள் வீட்டில் இருந்தால் அவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்து வாசிக்க வேண்டும். திருஏடு வாசிப்பிலும் ஒருவர் வாசிக்கப் பலர் கேட்பதுதானே முறை. பதிகளிலும் நிழல் தாங்கல்களிலும் சேவை செய்கிறவர்களுக்கு இதில் ஒரு கடமை உண்டு. நஷ்டப்பட்டவன் முதலில் நிழல் தாங்கலுக்கு வருவதை நிறுத்துவான், பத்துப் பேர் விசாரிப்பார்களே என்ற கூச்சம். நாலு ஞாயிற்றுக்கிழமை ஒருவரைக் காணோம் என்றால் ஏட்டை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போக வேண்டும். திண்ணையில் உட்கார்ந்து தவத்தைச் சொல்லும் பகுதியிலிருந்து நாற்பது வரி. அவர் தலைப்பாகை கட்டாவிட்டாலும், எழுந்து வராவிட்டாலும், உள்ளே படுத்தபடியே கேட்டாலும் சரி. மறுநாள் அதே நேரத்துக்குப் போய், விட்ட வரியிலிருந்து வாசிக்க வேண்டும்.