பழைய டிரக்டருக்குப் பவர் ஸ்டியரிங் பூட்டலாமா?



கொழுந்து மூட்டை ஏற்றிய பெட்டியை இழுத்துக்கொண்டு பழைய டிரக்டர் மலை வளைவில் திரும்புவதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சாரதி சீட்டை விட்டுப் பாதி எழும்பி, இரண்டு கையாலும் சுக்கானை இழுப்பார். பின்னேரம் லயத்துக்கு வந்தால் தோளுக்குத் தைலம் தேய்க்க வேண்டும்.

"இதுக்குப் பவர் ஸ்டியரிங் பூட்டினா என்ன சேர்?" என்று எங்கள் தோட்டச் சாரதி அண்ணன் ஒருவர் கேட்டார். பூட்டலாம். ஆனால் பூட்டிய பிறகு ஓட்டுகிற பழக்கமும் மாற வேண்டும். மாறாவிட்டால் தோள்வலி போய் உயிராபத்து வந்துவிடும். அதைச் சொல்லத்தான் இந்தப் பாடம்.

முதலில் நோயைக் கண்டுபிடியுங்கள்

1964ஆம் ஆண்டு வெளிவந்த மெஸி பெர்கஸன் 135 போன்ற பழைய டிரக்டர்களில் சுக்கானைத் திருப்பினால் கியர்ப் பெட்டி திரும்பும். அது இரும்புத் தடியைத் தள்ளும், தடி முன்சில்லைத் திருப்பும். எஞ்சின் ஓடினாலும் நின்றாலும் இந்த வேலை நடக்கும். இதை மறந்துவிடாதீர்கள், பிறகு தேவைப்படும்.

சுக்கான் கனப்பதற்குப் பல நேரம் பராமரிப்புக் குறைவே காரணம். சம தரையில் நிறுத்தி, பின்சில்லுகளுக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கத்தை ஜக் வைத்துத் தூக்குங்கள். இப்போது சுக்கானைத் திருப்பிப் பாருங்கள். அப்போதும் கனமாக இருந்தால் கிங்பின் கிரீஸ் இல்லாமல் இறுகியிருக்கும், அல்லது கியர்ப் பெட்டியில் கோளாறு இருக்கும். லேசாகத் திரும்பினால் டயர் காற்றைப் பாருங்கள். தடி மூட்டுகள் ஆடினால் அவற்றை முதலில் மாற்றுங்கள். தேய்ந்த மூட்டுக்கு மேலே பவர் பூட்டுவது, இத்துப்போன சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி.

பவர் எங்கிருந்து வருகிறது?

எஞ்சின் ஒரு பம்பைச் சுற்றுகிறது. பம்ப் எண்ணெயைத் தள்ளுகிறது. சுக்கானுக்குக் கீழே உள்ள ஆர்பிட்ரோல் என்ற வால்வு, நாம் திருப்புகிற பக்கத்துக்கு அந்த எண்ணெயை அனுப்புகிறது. எண்ணெய் ஒரு சிலிண்டரின் தண்டைத் தள்ள, முன்சில்லு திரும்புகிறது.

ஒரு சின்னக் கணக்கு. சிலிண்டரின் உள்விட்டம் 40 மில்லிமீற்றர் என்றால் பரப்பு சுமார் 12.5 சதுர சென்ரிமீற்றர். எண்ணெய் அழுத்தம் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 70 கிலோ என்றால், தள்ளும் பலம் சுமார் 875 கிலோ. விரலால் திருப்பினாலும் சில்லு திரும்புவது இதனால்தான்.

தண்டு 20 சென்ரிமீற்றர் ஓடினால் சுமார் 250 சீசீ எண்ணெய் வேண்டும். ஆர்பிட்ரோல் ஒரு சுற்றுக்கு 80 சீசீ விட்டால், சுக்கானை 3 சுற்றுக்குக் கொஞ்சம் கூடத் திருப்ப வேண்டும். திரும்பி வரும்போது சிலிண்டருக்குள் தண்டும் இடம் பிடிப்பதால் சுற்று குறையும். இது கோளாறு அல்ல. இரண்டு பக்கமும் தண்டு உள்ள சிலிண்டரில் இந்த வித்தியாசம் இராது.

மருதானைக்குப் போகுமுன்

மருதானை ஸ்டேசனில் இறங்கி நடக்கிற தூரத்தில் பஞ்சிகாவத்தை. பழைய வாகன உதிரிப்பாகங்களுக்குப் பேர்போன இடம். நானும் வேர்க்‌ஷொப் தம்பியும் முதல் தடவை வெறுங்கையோடு போனோம். "என்ன மொடல்? பம்ப் எங்க பூட்டப் போறீங்க?" என்று கடைக்காரர் கேட்டார். இரண்டு பேரும் முழித்தோம். ரயில் காசுதான் நட்டம். ஆகவே:

1. மொடல் இலக்கம், அச்சின் அளவு, சில்லு ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் திரும்ப தடி ஓடும் தூரம் ஆகியவற்றை எழுதிக்கொண்டு போங்கள்.

2. அதே மொடலுக்குக் கம்பனி செய்த பவர் ஸ்டியரிங் பாகங்கள் கிடைத்தால் அதுவே மேல்.

3. சிலிண்டர் தண்டில் கீறலோ துருக்குழியோ இருந்தால் வாங்க வேண்டாம். சீல் சீக்கிரம் கிழிந்துவிடும்.

4. ஹோஸ் மட்டும் புதிதாக, அழுத்தம் தாங்குகிற வகையாக வாங்குங்கள்.

டிரக்டர் தோட்டத்துச் சொத்து. தொரையின் அனுமதியோடு, தெரிந்த மெக்கானிக்தான் பூட்ட வேண்டும். சில்லைத் திருப்பும் கைகளில் வெல்டிங் அடிக்கக் கூடாது, வெடித்து முறியலாம். ஹோஸ் எங்கேயும் உரசக் கூடாது. எண்ணெயில் காற்று நிற்கக் கூடாது. பெட்டி இல்லாமல், சம தரையில் ஓட்டிப் பார்த்த பிறகுதான் பாரம் ஏற்ற வேண்டும்.

இறக்கத்தில் கவனம்

இப்போது முக்கியமான விசயம். டீசல் மிச்சம் என்று இறக்கத்தில் நியூற்றலில் விட்டு, எஞ்சினையும் நிறுத்தி உருட்டுகிற பழக்கம் சிலரிடம் உண்டு. அது எப்போதுமே ஆபத்துதான். ஆனாலும் பழைய சுக்கானில் இரும்புத் தடியாவது நம் கைக்குக் கட்டுப்பட்டது. ஆர்பிட்ரோல் பூட்டிய பிறகு சுக்கானுக்கும் சில்லுக்கும் நடுவில் இருப்பது எண்ணெய் மட்டுமே. எஞ்சின் நின்றால் பம்ப் நிற்கும், சுக்கான் கல்லாகக் கனக்கும். மெதுவாகத் திருப்பலாம், ஆனால் வளைவு நமக்காகக் காத்திருக்காது. ஹோஸ் வெடித்தால் சுக்கான் சும்மா சுற்றும்.

ஆகவே சாரதிமாரே, இறக்கம் தொடங்குமுன்பே சின்னக் கியரைப் போடுங்கள். எஞ்சினை நிறுத்த வேண்டாம். தினமும் காலையில் எண்ணெய் மட்டத்தையும் ஹோஸையும் பாருங்கள். சுக்கான் திடீரென்று கனத்தாலோ சத்தம் போட்டாலோ ஓரமாக நிறுத்தி, சில்லுக்குக் கட்டை வையுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. காலையில் தேத்தண்ணி கொடுக்கும்போது, "எண்ணெய் பாத்தீங்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். தோளும் சுகமாக இருக்கட்டும், ஆளும் பத்திரமாக வீடு வந்து சேரட்டும்.