கரியிழைக் கூடு

மேனாம்பேட்டிலிருந்து தெற்கே பூந்தமல்லியை அடைந்து, பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கே சென்றால் இருங்காட்டுக்கோட்டை வரும். சோழவரத்துப் பழைய விமானத் தளத்தில் நடந்துவந்த மோட்டார்ப் பந்தயங்களுக்கென 1990ஆம் ஆண்டில் இங்குத் தனித்தடம் திறக்கப்பெற்றது. பந்தயம் காணச் செல்வோர் ஓட்டுநரையே வியப்பர். அவரைச் சூழ்ந்துள்ள கூட்டின் வலிமையைக் கணக்கிட்டோரை எண்ணுவார் சிலரே.

உலகின் முதன்மைப் பந்தயமாகிய பார்முலா ஒன்றில் அக்கூட்டை நெடுங்காலம் அலுமினியத் தகட்டால் செய்துவந்தனர். 1981ஆம் ஆண்டில் மெக்லாரன் நிறுவனத்தின் வடிவமைப்பாளர் ஜான் பர்னார்டு அதனைக் கரியிழையால் அமைக்கத் துணிந்தார். மோதினால் பொடியாகிவிடும் என அஞ்சியோர் உளர். அவ்வாண்டு செப்டம்பரில் இத்தாலியின் மான்சாத் தடத்தில் ஜான் வாட்சன் ஓட்டிய வண்டி தடுப்பில் மோதிற்று. எஞ்சின் தனியே பிய்ந்து சென்றது. வாட்சனோ காயமின்றி எழுந்து நடந்தார்.

மண்சுவருக்கு வைக்கோல் கலந்து மிதித்த நம் உழவர்க்கு இந்நுட்பம் புதிதன்று. கரியிழைத் துணியைப் பிசினில் தோய்த்து, அடுக்கடுக்காகப் படியவைத்து, வெப்பமும் அழுத்தமும் தந்து இறுகச் செய்வர். மூங்கிலை நீளவாக்கில் இழுத்தால் அறாது. நுனியில் கத்தியை ஊன்றினால் எளிதிற் பிளக்கும் அன்றோ? இழையும் அத்தகையதே. ஆதலின் எவ்விடத்தில், எத்திசையில், எத்துணைத் தகைவு, அஃதாவது ஓரலகுப் பரப்பில் எழும் உள்விசை, தோன்றும் எனக் கணித்து, ஒவ்வோர் அடுக்கின் திசையையும் வகுத்தல் வேண்டும். இதுவே தகைவுப் பொறியாளர் குழுவின் பணி.

குழுத் தலைவர்க்கு உரிய இடர் வேறு. ஓர் அடுக்கைக் குறைத்தால் வண்டியின் எடை குறையும், விரைவு கூடும். அவ்வாசை எளிதில் விடாது. உலோகம் வளைந்து எச்சரிக்கும். கரியிழையோ மேற்புறம் பளபளக்க, உள்ளே அடுக்குப் பிரிந்திருத்தலும் உண்டு. சந்தையில் பானையைத் தட்டி ஓசை கேட்டு வாங்குவோமே, அவ்வாறே நாணயத்தால் தட்டி இக்குறையை அறியும் வழக்கம் இன்றும் உளது! இந்நிலையில், "இவ்விடத்தில் அடுக்குப் போதாது" என்று இளையவர் ஒருவர் ஐயுற்றால், பதவியைக் காட்டி அவர் வாயை அடைப்பவர் தலைவராகார். அச்சில் துணியைப் படியவைக்கும் தொழிலாளி, "இம்மூலையில் துணி சுருங்குகிறது" என்றால், அதனையும் கணக்கிற் கொள்ளல் வேண்டும்; கணிப்பொறி அதனைத் தானே அறியாது. பந்தயத்திற்கு முன் கூட்டை மோதவிட்டுச் சோதிப்பர். அங்கு அது உடைந்தால், நல்ல தலைவர் பழியைத் தாமே ஏற்பார்; இளையவர்மேல் ஏற்றார்.

2020ஆம் ஆண்டு நவம்பரில் பஹ்ரைனில் ரோமெய்ன் குரோஜான் ஓட்டிய வண்டி இரும்புத் தடுப்பைத் துளைத்து, இரண்டாக முறிந்து தீப்பற்றியது. தலைக்குமேல் இருந்த டைட்டானிய வளைவும் கரியிழைக் கூடும் நிலைத்து நின்றன. கைகளில் தீப்புண்ணோடு அவர் தாமே ஏறி வெளிவந்தார்.